ஐந்தாவது படி

கட்டட வேலையில் நேராக நிற்க வேண்டியது சுவர், வளைந்து கொடுக்க வேண்டியது மேஸ்திரி என்றுதான் வீடு கட்டுகிறவர்கள் நினைக்கிறார்கள். நான் நாற்பது வருடமாக இரண்டையும் நேராகவே நிறுத்தி வருகிறேன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் துண்டறிக்கைகள் கொடுத்தது. அன்று என்னோடு போலீஸ் வேனில் ஏறிக் கோஷம் போட்டவர்களில் மூன்று பேர் இன்று ஓசூரைச் சுற்றி மனை விற்கிறார்கள். ஏரியைப் பார்த்த வீடு என்று எழுதி, பக்கத்தில் அவர்கள் சிரிக்கிற படத்தையும் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். ஏரியும் வீட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது என்பதை எழுதுவதில்லை.

மழை பிடித்தால் கட்டில் காலுக்குச் செங்கல் வைப்பவர்களே, ரேஷன் அரிசியை லாஃப்டில் ஏற்றுபவர்களே, சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தலைமாட்டில் வைத்துத் தூங்குபவர்களே, இது நம்முடைய கதை.

சிவப்புக் கோடு

ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளிக்குப் போகும் வழியில் ஓர் ஏரி. அது நிரம்பினால் தண்ணீர் வழிந்து போக ஒரு கால்வாய். கால்வாயை ஒட்டிப் பத்து அறை கொண்ட ஒரு லைன் வீடு. பெரும்பாலும் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மத்தியானம் ஏரி நிரம்பி வழிந்தது. கடைசி அறையில் குடியிருந்த செல்வி அப்போது ஷிப்டில் இருந்தாள். விருதுநகர்ப் பக்கத்துப் பெண். அவள் கணவன் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுக் கட்டிலில் அசந்து தூங்கினான். ஏழு மாதக் குழந்தை சேலைத் தொட்டிலில் இருந்தது. என் செட்டில் சித்தாளாக இருக்கும் மாதம்மாள் அதே லைனில் குடியிருப்பவள். அவள் தண்ணீரில் அளைந்து போய்க் கதவை இடித்து, அவனை எழுப்பி, குழந்தையைத் தூக்கியபோது தொட்டிலின் அடிப்பக்கம் நனைந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்துப் பின்பக்கச் சுவர், தொட்டில் தொங்கிய இடத்தில்தான் படுத்தது.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும், சுவரில் ஈரம் காய்வதற்குள், தண்ணீர் நின்ற உயரத்தில் பத்து அறைக்கும் சேர்த்துச் சிவப்புப் பெயின்டால் ஒரே கோடாக இழுத்தேன். வீட்டுக்காரர் முனிராஜு நாலு நாளில் அதன் மேல் சுண்ணாம்பு அடித்தார். கெட்ட மனிதர் இல்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவார். மூன்றிலும் தண்ணீர் வராது என்றுதான் சொல்வார். ஏன் அழித்தீர்கள் என்று கேட்டதற்குச் சொன்னார்: “அண்ணா, நீங்க கோடு போட்டுட்டுப் போயிருவீங்க, வீடு பாக்க வர்றவன் அது என்னா கோடுன்னு என்னையில்ல கேப்பான்?”

மண்ணுக்குள் போன மூன்று படி

அந்த லைன் வீட்டை எந்த மடையன் கட்டினான் என்று கேட்பீர்கள். நான்தான் கட்டினேன். பதினெட்டு வருடம் ஆகிறது. ரோட்டு மட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு பேஸ்மட்டம் எழுப்பி, சைஸ் கல்லில் மூன்று படி வைத்தேன். இந்தப் பக்கம் எல்லா மேஸ்திரியும் ரோட்டிலிருந்துதான் அளப்போம். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் புரிந்தது. ரோடு அப்படியே இருக்கும் என்று நம்பி அளந்தேன். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடியும் மறுபடியும் தார் ஊற்றினார்கள், இடையில் மண்ணடித்தும் உயர்த்தினார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு படி மண்ணுக்குள் போனது. வெள்ளம் வந்த வருடம் ரோட்டிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியிருந்தது.

சுவர் விழுந்த அறையின் வாசலைத் தோண்டியபோது அந்த மூன்று படியும் அப்படியே கிடைத்தன. ஒரு கல் கூட அசையவில்லை. என் வேலை அவ்வளவு சுத்தம் என்று பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன். மாதம்மாள் மண் கூடையை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். “நல்லா கட்டியிருக்கீங்க மேஸ்திரி, அடுத்த தடவ கொஞ்சம் மேல கட்டுங்க.”

லிஸ்ட்

முனிராஜு பழையதை முழுக்க இடித்துவிட்டுப் புதிதாகப் பத்து அறை கட்டுவது என்று முடிவு செய்தார். வேலையை என்னிடமே கொடுத்தார். திட்டுவான், ஆனால் சுவர் நிற்கும் என்பது என்னைப் பற்றி ஊரில் உள்ள பேச்சு. வரைபடத்தைப் பார்த்தேன். மறுபடியும் ரோட்டிலிருந்து ஒன்றரை அடி, மூன்று படி. செல்வியும் மற்ற ஒன்பது குடும்பமும் அதே தெருவில் ஆளுக்கொரு மூலையில் ஒண்டிக்கொண்டு, இது முடிந்தால் திரும்பி வரலாம் என்று காத்திருந்தார்கள். தண்ணீர் நின்றது ரோட்டுக்கு மேல் இரண்டடி. ஒன்றரை அடியில் கட்டினால் அதே தொட்டிலை அதே தண்ணீரில்தான் தொங்கவிட வேண்டும். என் கையால் இரண்டாம் தடவை அது நடக்காது என்று அன்றே சொல்லிவிட்டேன்.

தாழ்வான இடத்தில் தரைத்தளம் வெள்ள மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும், அஸ்திவாரத்து மண்ணை நனைத்து இடித்து இறுக்க வேண்டும், அதன் மேல் கம்பி கட்டிச் சுற்றிலும் பெல்ட் கான்கிரீட் போட வேண்டும் என்றெல்லாம் சொல்கிற கட்டட விதிப் புத்தகம் ஒன்றிருக்கிறது. அதைப் படித்துப் பென்சிலில் கோடு போட்டுக்கொண்டு வீட்டை உயர்த்திக் கட்ட உத்தரவு கேட்கும் மனுவோடு, கட்டட அனுமதி கொடுக்கிற அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த இளம் இன்ஜினியர் எனக்கு நாற்காலி போட்டார், டீ வாங்கிக் கொடுத்தார், மனுவை முழுக்கப் படித்தார். இப்படி மரியாதை கொடுத்தால் காரியம் நடக்காது என்பது என் அனுபவம். கடைசியில் சொன்னார்: “விதி இருக்குதுங்க ஐயா, உங்க தெருதான் வெள்ளம் வர்ற இடம்னு லிஸ்ட்ல இல்ல.”

கல் தூணில் வெட்டியது

முனிராஜு சுண்ணாம்பு அடிப்பார் என்று எனக்கு முன்பே தெரியும். அதனால் சிவப்புக் கோடு இழுத்த அன்றே இன்னொரு காரியமும் செய்திருந்தேன். எங்கள் பக்கத்தில் வேலிக்குக் கருங்கல் தூண்தான் நடுவார்கள். எதிர் வீட்டு வேலித் தூணில், தண்ணீர் நின்ற உயரத்தில், உளியால் விரல் ஆழத்துக்கு ஒரு வெட்டு வெட்டி வைத்தேன். ரோட்டை உயர்த்தலாம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். கருங்கல் வெட்டை என்ன செய்வார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை டியூப்பை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடி மாதிரி இருக்கும் நீளமான டியூப். தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். அதிகாரி பொய் சொல்லலாம், நான் கூடப் பொய் சொல்லலாம், டியூப் சொல்லாது. ஒரு முனையை வெட்டில் வைத்து மாதம்மாள் பிடித்தாள். மறுமுனையை நான் மனைக்குள் கொண்டுபோய், நட்டுவைத்த குச்சிகளில் ஒவ்வொரு அறைக்கும் வெள்ள மட்டத்தைக் குறித்தேன். தெருவே கூடிவிட்டது. செல்வி இப்போது நடக்கப் பழகிய மகளைக் கூட்டி வந்து கடைசிக் குச்சிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். குறி குழந்தையின் கழுத்துக்கு வந்தது. அவள் அழவில்லை. என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்: “அண்ணாச்சி, இவ வளர்ற வரைக்கும் தண்ணி காத்துக்கிட்டு இருக்குமா?”

ஈசானிய மூலை

இதற்கிடையில் முனிராஜு வாஸ்து பார்க்கிறவர் ஒருவரைப் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். வடகிழக்கு, அதாவது ஈசானிய மூலை, தாழ்ந்திருக்க வேண்டும் என்றும், வீட்டுத் தண்ணீர் வெளியேறும் குழாயை அந்தப் பக்கம்தான் விட வேண்டும் என்றும் அவர் சொன்னார். எங்கள் மனைக்கு ஈசானியத்தில்தான் கால்வாய். கால்வாய் நிறைந்தால் அந்தக் குழாய் வழியாகவே தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் வரும் என்றேன். சாமி மூலையில் கெட்டது எதுவும் வராது என்றார் அவர். குழாய் வாயில் தண்ணீர் திரும்பாமல் அடைக்கிற மூடி ஒன்றைப் போட்டே தீருவது என்று நான் பிடிவாதமாக நின்றேன், போட்டும்விட்டேன். சிமென்ட் சட்டியோடு போன மாதம்மாள் அவரைக் கும்பிட்டுச் சொன்னாள்: “சாமி மூலையிலதான் தண்ணி வரும்னா வரட்டுங்க சாமி, செருப்ப வெளிய கழட்டிட்டு வரச் சொல்லுங்க.”

நாலு ஆகாது

பெல்ட் கான்கிரீட் போட வேண்டிய நாள் வந்தது. அதன் மட்டம் போட்டுவிட்டால் வீட்டின் உயரம் முடிவாகிவிடும். நான் கலவை போட மறுத்தேன். வெட்டு மட்டத்துக்கு மேல் வராமல் கரண்டி தொட மாட்டோம் என்று என் செட்டு எட்டுப் பேரும் மணல் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டோம். முனிராஜு வேறு செட்டு கூட்டி வருவேன் என்றார். கூட்டியும் வந்தார். வந்தவர்களிடம் தூணையும் தோண்டியெடுத்த மூன்று படியையும் காட்டினேன். அவர்கள் டீ குடித்துவிட்டு வேனில் ஏறிவிட்டார்கள். மூன்றாம் நாள் முனிராஜு இறங்கி வந்தார். எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று கேட்டார். அப்போது நான் செய்த தவறு, குறைந்தபட்சமாக இன்னும் ஒரே ஒரு படியாவது என்று சொன்னது. படிக்கு அரையடி. நாலு படி வைத்தால் இரண்டடி, வெட்டுக்குச் சரியாக வரும். அவர் முகம் இருண்டது. “நாலா? ஒத்தப்படையில இல்லாட்டி வீட்டுக்கு ஆகாதுண்ணா. மூணே இருக்கட்டும்.”

படிகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் கல்லில் எழுதிய சட்டம். புத்தகத்துச் சட்டத்தை மீறுகிறவர்கள் இதை மீற மாட்டார்கள். இதை மூடநம்பிக்கை என்று நானே எத்தனை துண்டறிக்கை எழுதியிருக்கிறேன். அந்த நிமிடம் என் வாயில் ஒரு முழுத் துண்டறிக்கை வந்து நின்றது. விழுங்கினேன். நாற்பது வருடத்தில் நான் விழுங்கிய முதல் துண்டறிக்கை அதுதான். “நீங்க சொல்றது சரிதான் முனிராஜு. நாலு ஆகாது. அப்ப அஞ்சு” என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார், விரலை மடக்கி எண்ணினார், தலையாட்டினார். அன்று மத்தியானமே கலவை சுற்றியது. மாதம்மாள் மட்டும் என் காதருகில் வந்து சொன்னாள்: “நீங்க எழுதின நோட்டீசு எல்லாம் வீட்ல பத்திரமா வெச்சிருக்கறன் மேஸ்திரி, இனி அடுப்புக்குப் போட்டுரலாமா?”

பிளக்

எலக்ட்ரீசியன் பாஷா பழைய ஆள், சங்கத்திலும் இருந்தவர். செல்போன் சார்ஜருக்குத் தரையிலிருந்து ஒரு அடியில் பிளக் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று முனிராஜு கேட்டார். பாஷா வாசலுக்குப் போய்க் கல் தூணின் வெட்டைப் பார்த்துவிட்டு வந்தார். பென்சிலை எடுத்தார், பத்து அறையிலும் தோள் உயரத்தில் குறி போட்டார், சுவரை வெட்டினார், பைப்பைப் பதித்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்: “அழக நான் பாத்துக்கறன் அண்ணா, நீங்க உசுர பாத்துக்குங்க.”

பேர் யாருக்கு

குடும்பங்கள் திரும்பி வந்த வருடமே ஏரி மறுபடியும் வழிந்தது. இந்தத் தடவை மழை முந்தியதை விடக் குறைச்சல் இல்லை. நான் காலையிலேயே போய் எதிர் வீட்டுத் திட்டில் ஏறி நின்றுவிட்டேன். முதல் படி மறைந்தது. இரண்டாவது மறைந்தது. மூன்றாவதும் மறைந்தபோது நான் முன்பு கட்டிய மூன்று படி வீடு கண் முன்னால் வந்தது. செல்வி வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். அவள் கணவன் இந்தத் தடவை விழித்திருந்தான். நாலாவது படியும் மறைந்தது. எதிரே கல் தூணில் தண்ணீர் என் உளி வெட்டை வந்து தொட்டு நின்றது. ஒரு மணி நேரம் அங்கேயே நின்றது. ஐந்தாவது படி நனையவில்லை. பிறகு வடிந்தது. செல்வி உள்ளே போய், தண்ணீருக்குப் பயந்து அவிழ்த்து மடித்து வைத்திருந்த சேலையை எடுத்துத் தொட்டில் கட்டினாள். மகள் தொட்டில் வயதைத் தாண்டிவிட்டாள்தான். ஆனாலும் கட்டினாள்.

சாயங்காலம் தெருவே முனிராஜுவைச் சுற்றி நின்றது. அடுத்த தெருவில் பதினோரு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருக்க, இவர் வீடு மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்டார்கள். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். மண்வெட்டி என் கையில் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டார், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “எல்லாம் வாஸ்துப்படி அஞ்சு படி வெச்சதுதான் காரணம், மேஸ்திரி நாலுன்னு ஒத்தக்கால்ல நின்னாரு, நான்தான் ஆகாதுன்னு சொல்லி அஞ்சாக்குனன்!”

பேர் அவருக்கே போகட்டும், அடுத்த தெருப் பதினோரு வீட்டுக்கும் ஏழு படி வேண்டும் என்று இன்றைக்கே மனு எழுதி உட்கார்ந்துவிட்டேன், பேரம் பேசி எப்படியும் ஐந்துக்கு வந்து நிற்பார்கள்.