மாஸ்டரின் ஜேர்மன் தொப்பி

தையல் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை மறைத்து என்ன பயன்? கொட்டாஞ்சேனையில் பாதர்மார் பூசைக்கு உடுத்தும் அங்கிகளில் பொன்னூல் சிலுவையும் திராட்சைக் குலையும் வைத்தது என் கைதான். பாடசாலை பிளேசர்களுக்கு பட்ஜ் தைத்ததும் இதே கைதான். ஆனாலும் வெள்ளவத்தையிலிருந்து ஒரு மனிதர் பஸ் ஏறி வந்து, "தங்கச்சி, ஹிட்லரின்ர ஆமிக்காரர் போட்ட பட்ஜ் கொஞ்சம் இருக்கு. தையல் அந்தக் காலத்துத் தையல்தானோ எண்டு பாத்துச் சொல்லவேணும்" என்று கேட்டபோது, எனக்கு வாயில் இருந்த ஊசி விழுந்துவிட்டது.

அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், விதவையான அக்காவோடு ஒரு ஃப்ளாட்டில் இருந்தார். ஊரெல்லாம் அவரை மாஸ்டர் என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். மற்றவர்கள் முத்திரை சேர்ப்பதுபோல அவர் ஜேர்மன் பட்டாளத் தொப்பிச் சின்னங்களைச் சேர்த்து அல்பத்தில் வைத்திருந்தார். ஹிட்லரை அவருக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. தையலில்தான் விசர், பைத்தியம். வெளிநாட்டில் அவரைப்போன்ற சேகரிப்பாளர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களோடு கடிதத்தில் சண்டை பிடிப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு.

நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தெருவுக்குத் தெரு செக் பொயின்ட். அதற்குள் எங்களுக்கு இன்னொரு யுத்தத்தின் நூலைப் பற்றிய கவலை. சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் எனக்குப் பிடித்துப்போயிற்று. மாதத்துக்கு இரண்டு தரம் போவேன். அக்கா மட்டன் ரோல் சுட்டுத் தருவா. மாஸ்டர் பூதக்கண்ணாடியைத் தருவார். சின்னத்தைத் திருப்பிப் பார்த்து, நூல் பருத்தியா, தையல் மெஷினில் வளைந்து வளைந்து போனதா, பழைய ஊசித் துளைகளுக்கு மேலே புதுத் தையல் ஏறியிருக்கிறதா என்று சொல்வேன். சந்தேகம் வந்தால் இருவருமாகக் கடைகள் நிறைந்த காலி வீதியில் நகைக்கடை ஒன்றுக்குப் போவோம். கள்ள நோட்டுப் பிடிக்கும் ஊதா லைட் அங்கே இருந்தது. பிந்திய காலத்து நூல் அதன் கீழே பளீரென்று மின்னும், பழைய பருத்தி நூல் சும்மா கிடக்கும். "வாங்கோ, ஜேர்மன்காரர் வந்திட்டினம்" என்று முதலாளி பகிடி பண்ணுவார்.

அல்பத்தில் இல்லாத ஒரு சாமானும் மாஸ்டரிடம் இருந்தது. சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி, முன்னால் சுவஸ்திகத்தைக் காலில் பிடித்த கழுகு. துறைமுகத்தில் கப்பல் சாமான் வாங்கி விற்கும் ஒருவரிடம் வாங்கியதாம். அதை மட்டும் லைட்டுக்குக் கீழே வைக்க விடமாட்டார். "அதுக்குத் தேவையில்லை. அது அசல்" என்பார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஒரு வெளிநாட்டுக்காரர் கடிதத்தில் நக்கலடித்த பிறகுதான், ரோஷத்தில், "சரி, நீ ஒருக்கால் பார்" என்று என் கையில் தந்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து உள்துணியின் ஓரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தேன். கழுகின் பின்பக்கத்தில், தையல் தொடங்கும் இடத்தில், ஒரு குட்டிச் சிலுவை.

எனக்குத் தெரிந்த சிலுவை அது. எங்கள் கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் நூலுக்கு முடிச்சுப் போட விடமாட்டார்கள். "முடிச்சு வழுகும், சிலுவை வழுகாது" என்று சிஸ்டர் சொல்வா. முதல் தையலைத் துணியின் பின்புறத்தில் சிலுவையாக இட்டுத்தான் தொடங்கவேண்டும். தையற்காரர் எவரும் அப்படிச் செய்வதில்லை, எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள்தான் செய்வோம். பெர்லினுக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து தையல்காரி போயிருக்க வழியில்லை. யாரோ ஒருத்தி நாடகத்துக்கோ கூலிக்கோ தைத்திருக்கிறாள். கள்ளச் சாமான் தைக்கும்போதும் கை சிலுவையை மறக்கவில்லை பாருங்கள். நான் தனியே இருந்து விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு மாஸ்டரின் முகத்தை நினைத்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

அவரோ தொப்பியைப் பிரிந்திருக்க முடியாமல் அடுத்த நாளே வந்து வாங்கிக்கொண்டு போனார். "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வந்து சொல்றன்" என்று சமாளித்தேன்.

ஞாயிறு வருமுன்னே பொலிஸ் வந்துவிட்டது. ஒழுங்கை முழுக்கச் சோதனை. தமிழாள் வீட்டு அலுமாரியில் இராணுவத் தொப்பி. மாஸ்டரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா எங்கள் வீட்டுக்கு முன்னால் இருந்த கடைக்கு டெலிபோன் எடுத்து அழுதா: "பிள்ளை, தையலைப் பற்றி உனக்குத்தானே தெரியும். வந்து சொல்லு."

பொலிஸ் நிலையத்தில் மாஸ்டர் வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டரின் மேசையில் அல்பமும் தொப்பியும். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அல்பம் முத்திரை சேர்ப்பது மாதிரி என்று விளக்கினேன். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு ஒருபக்கம் தள்ளினார். தொப்பியைத் தள்ளவில்லை.

"இது எந்த நாட்டு ஆமியின் தொப்பியாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான், நோனா" என்றார் என்னிடம். "உண்மையான சீருடை என்றால் நான் மேலே அனுப்பவேண்டும். ஆளையும் சேர்த்து. நாடகத் தொப்பி என்றால் எடுத்துக்கொண்டு போகலாம்."

மேலே அனுப்பினால் என்ன என்று அந்த நாளில் தமிழாட்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மாதக்கணக்கு, சிலருக்கு வருஷக்கணக்கு. மாஸ்டருக்கோ நெஞ்சு வருத்தமும் இருந்தது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தா.

"நாடகத் தொப்பிதான், சேர்" என்றேன்.

"இல்லை!" மாஸ்டர் எழும்பியே விட்டார். "ஒரிஜினல், சேர்! ஜேர்மன் ஒரிஜினல்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பதை அன்று கண்ணால் கண்டேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டா. இன்ஸ்பெக்டர் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். இத்தனை வருஷ சேவையில், தன்னை உள்ளே போடச் சொல்லி வாதாடும் ஆளை அவர் கண்டிருக்க மாட்டார்.

நான் நெருப்புப் பெட்டி கேட்டேன். கழுகில் இருந்து நூல் துண்டொன்றை இழுத்துக் கொளுத்தினேன். சாம்பலாகவில்லை. உருகி, கறுத்த குண்டுமணி மாதிரித் திரண்டது. "பொலியெஸ்டர், சேர். ஹிட்லர் காலத்தில் இந்த நூல் இல்லை." பிறகு உள்துணியை விலக்கி, மாஸ்டரிடம் தமிழில் சொன்னேன். "இஞ்ச பாருங்கோ. இந்தச் சிலுவை எங்கட மடத்துப் பிள்ளையள் போடுறது. நானும் இப்பிடித்தான் தொடங்குவன்."

அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, தொப்பியை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. சொல்லித் தொலையுமன் மனிசா என்று மனசுக்குள் திட்டினேன்.

"அவர் வாயால் சொல்லட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரிஜினல்த, அசலா?"

மாஸ்டர் தொப்பியை மேசையில் வைத்தார். "பொரு, சேர்" என்றார். பொய் என்பதற்குச் சிங்களத்தில் அதுதான் சொல். வகுப்பில் கடைசி வாங்கிலும் கேட்கும் அவருடைய குரல் அன்று மேசையைத் தாண்டவில்லை.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு, தொப்பியை அவர் பக்கம் தள்ளினார். "பொரு என்றால் நல்லது, மாஸ்டர். வீட்டுக்குப் போங்க."

காலி வீதிக்கு வந்ததும் அக்கா தொடங்கிவிட்டா. "ஒரு பொய்த் தொப்பிக்காக மறியலுக்குள்ள கிடக்கப் பாத்தாய், என்னடா நினைச்சாய்?" மாஸ்டர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். எனக்கும் கேட்கவேண்டும்போல் இருந்தது.

"ஏன் மாஸ்டர் அப்பிடிக் கத்தினீங்கள்?"

அவர் நின்றார். "பிள்ளை, ஒவ்வொரு செக் பொயின்டிலயும் என்ர அடையாள அட்டையை வாங்கி, திருப்பித் திருப்பி, வெளிச்சத்தில பிடிச்சுப் பாக்கிறாங்கள். அசலோ கள்ளமோ எண்டு. என்னட்ட சந்தேகமில்லாத சாமான் ஒண்டு இருக்கட்டும் எண்டு நினைச்சன். பொலிசுக்குள்ள 'பொரு' எண்டு சொல்லேக்க, தொப்பியைச் சொன்னனோ என்னைச் சொன்னனோ எண்டு எனக்கே தெரியேல்லை."

அந்தப் பூதக்கண்ணாடியோடும் ஊதா லைட்டோடும் நானும் கூடவே அலைந்தேனே, இதை ஒருநாளும் யோசிக்கவில்லை.

அக்கா தயங்கவில்லை. அவருடைய கையைப் பிடித்து இழுத்தா. "நீ அசல்தான். அசல் விசரன். நட, சோறு ஆறுது."

மாஸ்டர் சிரிக்கத் தொடங்கினார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், நாங்கள் நிறுத்தவில்லை.