அவளுடைய இலக்கம்

மனைவி இறந்த பிறகு இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் நான் தனியாகத்தான் போய்வந்தேன். மாதாந்த மருந்துக்கு மன்னார், நெஞ்சைச் சோதிக்க யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு டொக்டர் இருப்பார். எப்போது நெஞ்சு நொந்தது, என்ன குளிசை எடுக்கிறேன் என்று முதலிலிருந்து கேட்பார். நானும் ஆறுதலாகச் சொல்லுவேன். ஒரு மனிதரோடு நான் நீளமாகப் பேசியது பெரும்பாலும் அங்கேதான்.

பிறகு இரண்டு இடத்துக் கம்பியூட்டர்களையும் இணைத்துவிட்டார்கள்.

"மன்னாரில இருந்து உங்கட விபரமெல்லாம் வந்திட்டுது, ஐயா. நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை," என்றார் இளம் டொக்டர், திரையைப் பார்த்தபடி. ஒரு குளிசையை எழுதப் போனவர் நிறுத்தினார். "இது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதாம். உடம்பு தடிச்சதாம். சரியோ?"

சரிதான். நான் அதைச் சொல்ல மறந்திருந்தேன். முன்பெல்லாம் பக்கத்துக் கதிரையிலிருந்து அவள்தான் அதைச் சொல்லுவாள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மன்னார் பஸ்ஸுக்கு இன்னும் நெடுநேரம் இருந்தது.

சில நாள் கழித்து, ஒரு மத்தியானம், கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் அவளுடைய போன் அடித்தது. அதை நான் அணைக்கவில்லை. சார்ஜ் போட்டு அலுமாரியில் வைத்திருப்பேன். ஏன் என்று கேட்க வீட்டில் ஒருவரும் இல்லை. செதில் ஒட்டிய கையோடு ஓடிப்போய் எடுத்தேன்.

யாழ்ப்பாண ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாதி.

"உங்கட கிளினிக் திகதி மாறியிருக்கு, ஐயா. மன்னாரில இருந்து வந்ததில, அவசரத்துக்கு எடுக்க எண்டு அம்மான்ர நம்பர்தான் கிடக்கு. அவ நிக்கிறாவோ?"

"இல்லை, பிள்ளை."

"எப்ப வருவா?"

"அவ செத்துப்போனா. போன தவக்காலத்தில."

"ஐயோ, எனக்குத் தெரியாது, ஐயா." பிறகு, "அப்ப வேற ஆற்ர நம்பரைப் போட?" என்றார்.

மகனின் நோர்வே இலக்கத்தைச் சொன்னேன். வெளிநாட்டு இலக்கத்தை அந்தக் கம்பியூட்டர் ஏற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அரிப்புக் கிராமத்தில் மகளோடு இருக்கப் போய்விட்டார். கோயிலில் கண்டால் சிரிப்பவர்கள் இருந்தார்கள். அவர்களில் யாரைச் சொல்வது?

"அதே நம்பர் இருக்கட்டும், பிள்ளை. நான் எடுப்பன்."

"உங்களுக்கு ஏதும் நடந்தா உங்களுக்கே எப்பிடி ஐயா எடுக்கிறது?" அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

பின்னேரம் வழக்கமாகப் பாண் வாங்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் எருக்கலம்பிட்டி முஸ்லிம்; அண்ணன் என்பதுபோல எல்லாரும் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தவர். மற்றவர்கள் போகும்வரை நின்றேன்.

"நானா, உங்கட நம்பரை ஆஸ்பத்திரிக்குக் குடுக்கலாமோ? எனக்கு ஏதும் நடந்தா எடுப்பினம். வேற ஒருத்தரும் இல்லை."

அவர் சீனி நிறுப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"குடுங்கோ. எடுத்தா நான் என்ன செய்யோணும்?"

"என்ர மகனுக்குச் சொன்னாக் காணும்."

மகனின் இலக்கத்தைத் தன் போனில் பதிந்துகொண்டார். பிறகு, கொஞ்சம் வெட்கப்பட்டவர் போல, "ஐயா, உங்கட பேர் என்ன?" என்று கேட்டார்.