எதிர்வீட்டுச் சுவரின் நிறம்

பின்னலாடை கம்பெனியில் எனக்கு நிறம் பார்க்கிற வேலை. சாயப்பட்டறையிலிருந்து வரும் துணியை, வாங்குகிறவர் ஒப்புக்கொண்ட சின்னத் துண்டோடு ஒட்டிவைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன். அந்தத் துண்டை ஷேடு பிட் என்போம். பிட் ஒன்று முடிவாகிவிட்டால் அப்புறம் அதுதான் வேதவாக்கு. அசல் எது, எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. பதினெட்டு வருடமாக இந்தக் கண்தான் எனக்குச் சோறு போடுகிறது. அதில் கொஞ்சம் திமிரும் உண்டு எனக்கு.

ஞாயிறு காலைகளில், நாங்கள் குடியிருக்கும் மண்ணரையில், எங்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஆயில் பெயிண்டில் தெருவை வரைவேன். வேன்கள், மாடிக்கு மேல் ஏற்றிய தகரக் கொட்டகைகள், ஜன்னலை அறுத்துக்கொண்டு போகும் ஒயர்கள். இந்தமுறை எதிர்வீடு. கீழே தையல் யூனிட், மேலே குடித்தனம்.

முதல் ஞாயிறே தெருவைக் கடந்துபோய், பையிலிருந்த பழைய பிட்டுகளைச் சுவரில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒரு சாம்பல் துண்டு அச்சாகப் பொருந்தியது. அதைப் படத்தின் ஓரத்தில் குத்திவைத்து, அதற்கேற்ப வண்ணம் கலந்தேன். ஐந்து ஞாயிறு ஓடியது.

ஐந்தாவது ஞாயிறு சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். பெருமை தாங்காமல் மாடிக்கு அழைத்துப்போய்ப் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"ஏனம்மிணி, இது யாரு ஊடு?"

"உங்க ஊடுதானுங்கண்ணா."

"எங்க ஊடு பச்சையாச்சே? நானே பக்கத்துல நின்னு அடிக்க வெச்சதாச்சே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "இல்லீங்கண்ணா, சாம்பலுங்க," என்று பிட்டைக் கழற்றி நீட்டினேன். அவர் அதை வாங்கவேயில்லை. தெருவுக்கு அந்தப்பக்கம் கையைக் காட்டினார். மேற்கு வெயில் முழுக்க விழுந்திருந்தது. சுவர் பச்சை. வெளுத்த பச்சைதான், ஆனால் பச்சை.

கீழே போய் என் கணவரைக் கூட்டிவந்து கேட்டேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "நீலமாட்டந் தெரியுது" என்று சொல்லி இன்னும் குழப்பினார்.

மறுநாள் கம்பெனியில் ஒரு பச்சைத் துணி காத்திருந்தது. நிறம் பார்க்கிற விளக்குப் பெட்டிக்குள் வைத்தேன், சரி. ஜன்னலுக்குக் கொண்டுபோனேன், தப்பு மாதிரி இருந்தது. திரும்ப உள்ளே, திரும்ப வெளியே.

"மேடம், லோடு ஏத்தோணும். ஓகேங்களா?" என்றார் மேனேஜர்.

"தெரியலீங்க" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. கண் போய்விட்டதா? போனால் எனக்கு வேறென்ன தெரியும்? மதியம்வரை அல்லாடிவிட்டு, பயந்துகொண்டேதான் கையெழுத்துப் போட்டேன்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது, 'எந்த வெளிச்சத்துல பாத்தீங்கன்னு கேளுங்க' என்பதுதான். அது பஸ்ஸில் வரும்போது ஞாபகம் வந்தது. சுவரைக் காலை நிழலில் ஒரே ஒருமுறை பார்த்து, துண்டைக் குத்திக்கொண்டு, அப்புறம் துண்டைத்தான் வரைந்திருக்கிறேன். சுவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, ஒருமுறைகூட நிமிர்ந்து அதைப் பார்க்கவில்லை. கண் போகவில்லை என்று ஆறுதலாக இருந்தது. கூடவே, இத்தனை வருடத்தில் கையெழுத்துப் போட்ட துணிகளில் எத்தனையை நிஜமாகப் பார்த்தேன் என்ற கேள்வியும் வந்தது.

அடுத்த ஞாயிறு பிட்டை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, காலையிலிருந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். சுவர் சாம்பலாக இருந்தது. உச்சிவெயிலில் நிறமே இல்லை. கீழே சிவப்புத் துணி உருளைகளை இறக்கியபோது லேசாக ரோஸ் ஆனது. தூரிகை காய்ந்தபடியே கிடந்தது.

சாயங்காலம் எதிர்மாடியிலிருந்து குரல் வந்தது. "என்னம்மிணி, பச்சை வந்துருச்சா?"

"இப்பத்தானுங்கண்ணா பாக்கறேன்" என்றேன்.