வீடு பின்னால் வரும்

டெல்பர்ட் ஸ்ட்ரவுட் முப்பத்து நாலு வருஷமாகக் கான்சாஸில் வீடு இழுக்கிறார். இரும்புச் சட்டத்தின் மேல் நிற்கும் டிரெய்லர் வீடு. வீடு குடியிருப்பவருடையது, அடியிலுள்ள மண் வேறொருவருடையது. மண்ணுக்காரர் கிளம்பச் சொன்னால் வீட்டோடு கிளம்பும் சுதந்திரம் உண்டு. போய் நிறுத்த இடம் இருந்தால் சரி.

டெல்பர்ட்டின் வண்டி மணிக்கு நாற்பது மைலைத் தாண்டாது. எதிலும் இந்த வேகம்தான் என்று மனைவி லாரெட்டா விட்டுப் போனாள். அதையும் அவர் தாமதமாகத்தான் கவனித்தார் என்பார்கள்.

அன்று டோன்யாவின் வீடு. வீட்டுக்கு வயது நாற்பத்தொன்று. முப்பதைத் தாண்டிய வீட்டுக்கு யாரும் மனை தருவதில்லை. பெண் பார்ப்பதுபோல வயதுதான் முதல் கேள்வி. டெல்பர்ட்டின் கையிலிருந்த வேலைச் சீட்டில் இறக்குமிடம்: காயலான் கடை.

டோன்யாவின் ஆறு வயது மகள் மார்லி லாரியருகே வந்து நின்றாள்.

"தாத்தா, வளைவுல மெதுவா போங்க."

"நரைச்ச முடிதான் தாத்தா. மாமான்னு சொல்லு."

"சரி, முடித்தாத்தா. கட்டிலுக்கு அடியிலதான் போன வருஷம் எங்க பூனை குட்டி போட்டுச்சு. அங்க மிதிக்காதீங்க."

டோன்யா அவர் பக்கம் குனிந்தாள். "நாங்க எங்க அக்கா வீட்டுக்குப் போறோம். வீடு பின்னாடி வரும்னு இவகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

டெல்பர்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "மெதுவாத்தான் வரும்" என்றார்.

"என் ஜன்னல் எந்தப் பக்கம் பாக்கும்?" என்றாள் மார்லி.

"உனக்கு எந்தப் பக்கம் வேணும்?"

"ஸ்கூல் பஸ் வர்ற பக்கம்."

சீட்டிலேயே எழுதிக்கொண்டார். எழுதாவிட்டால் அவள் காரில் ஏறமாட்டாள் போலிருந்தது.

ஒன்பது மைல். வளைவுகளில் நடை வேகம். பின்னால் வந்தவர்கள் ஹாரனாலேயே திட்டினார்கள்.

காயலான் கடை ரஸ்டி சிரித்தான். "என்னய்யா, முட்டையா ஏத்திட்டு வர்ற? அரை மணியில நொறுக்கப் போறோம்."

டெல்பர்ட் ஒருமுறை வீட்டுக்குள் பார்த்தார். பக்கத்து வீடுகள் கிளம்பியபோது பெரியவர்கள் செய்ததை மார்லி பார்த்திருப்பாள். கை எட்டிய அலமாரிக் கதவுகளுக்கெல்லாம் கோணல் கோணலாக டேப் ஒட்டியிருந்தாள். எல்லாம் காலி. கடைசி அலமாரியில் மட்டும் ஒரு கிண்ணம், ஒரு ஸ்பூன், பாதிப் பாக்கெட் சீரியல். புது இடத்தில் முதல் நாள் காலைக்கு.

டேப்பை அவர் திரும்ப ஒட்டினார்.

"ஆரம்பிக்கலாமா?" என்றான் ரஸ்டி.

"இரு. திருப்பி நிறுத்தணும்."

"நொறுக்கற வீட்டுக்கு வாஸ்து பாக்கறியா?"

டெல்பர்ட் லாரியில் ஏறினார். முன்னே பின்னே எடுத்து, மார்லியின் ஜன்னல் சாலையைப் பார்க்கும்படி நிறுத்த நாற்பது நிமிஷம் ஆனது.

நாலு மணிக்கு ஸ்கூல் பஸ் அந்தச் சாலையில் போயிற்று. அதற்குள் ஜன்னல் இல்லை.