பிள்ளையார் கோயில் பின்புறத்துப் புல்

பனியைத் தட்டிவிடாமல் புல்லை வெட்டக்கூடாது. ஈரப்புல் கத்தியில் ஒட்டிக்கொள்ளும், வெட்டு பிசிறும், பிசிறின நுனி வெயில் ஏறினதும் பழுத்துப்போகும். அதனால் மார்கழி, தை இரண்டு மாதமும் விடிந்ததும் என் முதல் வேலை, நீளமான பச்சை மூங்கில் கழியைத் தரையோடு தரையாக இடமும் வலமும் வீசிக்கொண்டே நடப்பதுதான். வெள்ளையாகக் கிடக்கும் தரை கழி போன வழியெல்லாம் பச்சையாகும். அந்த நேரத்தில் வாய் விநாயகர் நாமத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். அங்கே நான் வளர்த்தது அருகம்புல். அவருடைய புல். அதைச் செருப்புக்காலால் மிதித்து விளையாடுவதற்காக வளர்க்கிறோமே என்ற உறுத்தல் எனக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது. நாமம் சொன்னது பாதி பக்திக்கு, பாதி அந்த உறுத்தலுக்கு.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கின அடுத்த வருஷம் அந்த வேலையில் சேர்ந்தேன். டவுனுக்கு வடக்கே, கருவடிக்குப்பம் தாண்டி, சவுக்குத் தோப்பை ஒட்டின மேய்ச்சல் தரையை ஒரு கிளப்பார் எடுத்து கோல்ஃப் விளையாட வேலி போட்டிருந்தார்கள். ஊருக்குப் போகாமல் மிச்சமிருந்த சில வெள்ளைக்காரர்கள், மில் அதிகாரிகள், புதிதாக வந்த உத்தியோகஸ்தர்கள் விளையாடுவார்கள். மொத்தம் ஆறு குழி. ஒவ்வொரு குழியைச் சுற்றிலும் பாய் விரித்த மாதிரி புல் இருக்க வேண்டும். அவர்கள் அதை கிரீன் என்பார்கள், நாங்கள் வட்டம் என்போம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். புல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

வேலிக்கு வெளியே நூறு தப்படியில் ஒரு பிள்ளையார் கோயில். அபிஷேகத் தண்ணீர் பின்பக்கம் வழிந்து ஓடி, அங்கே அருகு மெத்தை மாதிரி மண்டிக்கிடந்தது. மார்கழி முப்பது நாளும் விடியலில் அந்தக் கோயிலில் விளக்கேற்றுவது எங்கள் வீட்டு முறை. என் அப்பாவுக்கு முன்னாலிருந்தே எங்களுக்கு வந்தது. ஆறு வட்டத்துக்கும் முதலில் நட்ட கொடி அந்தப் பின்புறத்திலிருந்து எடுத்ததுதான். எடுப்பதற்கு முன்னால் தேங்காய் உடைத்து, சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே மடித்துப் போட்டு அவரிடம் உத்தரவு கேட்டேன். வெள்ளை வந்தது, சம்மதம். கொடியை மட்டும் கிள்ளிக்கொண்டு, வேரில் கை வைக்காமல் வந்தேன்.

கிளப்புக் காரியதரிசி நம் ஆள்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்ப் பென்ஷனோடு வந்தவர். முசே என்றுதான் கூப்பிட வேண்டும், ஐயா என்றால் திரும்பிப் பார்க்க மாட்டார். வட்டத்துக்கு வந்தால் முட்டி போட்டு ஒரு தீக்குச்சியைப் புல்மேல் படுக்க வைப்பார். குச்சி மேலே தெரிந்தால் சரி, புல்லுக்குள் முங்கினால் என் அப்பன் பாட்டன் வரைக்கும் பேச்சு வரும். எனக்குக் கொடுத்திருந்த ஓட்டு வீடு கிளப்புடையது. வேலை போனால் மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே தெருவில் நிற்க வேண்டும். அவர் அதைச் சொல்லாத வாரம் கிடையாது.

இவரை நான் வெறுக்கவில்லை. வெறுப்பதற்கு வேறு ஒருத்தி இருந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பசுவை வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தவள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், புருஷன் இல்லை. வேலி போடுமுன் அது அவள் மாடுகள் மேய்ந்த தரை. வேலி போட்ட கிளப்பாரிடம் அவளால் பேச முடியாது, கையில் கிடைத்தவன் நான். சேர்ந்த முதல் கோடையிலேயே அவள் செவலைப் பசு உள்ளே வந்து நின்றது. நான் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன்.

"அக்கா, மாட்ட அந்தாண்ட ஓட்டிக்கினு போங்க. வட்டத்துல குளம்பு பட்டா என் வேலை போயிடும்."

அவள் அவசரப்படாமல் கயிற்றைப் பிடித்தாள்.

"புள்ளையாருக்கும் ஆவாது, மாட்டுக்கும் ஆவாது. அப்புறம் எதுக்குய்யா இந்தப் புல்லு? நெத்தி நெறைய பட்டை போட்டுக்கினு பூட்ஸு காலுக்குப் பூசை பண்ற. உன் சாமிக்கே சிரிப்பு வரும்."

என் உறுத்தலை எடுத்து என் முகத்திலேயே எறிந்தாள். அன்றிலிருந்து அவளை நான் அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவள் என்னைத் தெருவில் கண்டால் பூட்ஸு பூசாரி என்பாள். பால் வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பெயர் என் பெண்களுக்குப் பின்னாலும் வந்தது.

வருஷம் முழுக்க அந்தத் தரையோடு எனக்குச் சண்டைதான். சித்திரையில் கிணற்றுத் தண்ணீர் உப்பேறும். தினமும் முதல் வாளியை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கரித்தால் அதைத் தொடாமல், தோப்புக்குள் இருந்த குட்டையிலிருந்து மேலாகத் தண்ணீரை மொண்டு பூவாளியில் சுமப்பேன். ஆடிக் காற்று மணலை அள்ளி வந்து போடும். அதைப் பெருக்கித் தள்ளாமல் சலித்து, ஏரி வண்டலும் பொடித்த ஆட்டுப் புழுக்கையும் கலந்து வட்டத்துக்கே திருப்பித் தூவுவேன். பள்ளம் மேடாகும், புல்லுக்கும் தெம்பு. கோரை முளைத்தால் மேலே கிள்ளக்கூடாது, ஆணியை விட்டுக் கிழங்கோடு நெம்ப வேண்டும். ஐப்பசியில் தண்ணீர் நின்றால் கடப்பாரை முனையால் அடிக்கு ஒரு துளை போட்டு மணலால் அடைப்பேன். கார்த்திகையில் மழை விட்டு ஊமை வெயில் அடிக்கும்போதுதான் பயம். ஒரு காசளவு மஞ்சளாகத் தெரியும், நாலே நாளில் தட்டளவு கருகிப்போகும்.

நான் சேர்ந்து நாலாவது கார்த்திகையில் அந்த நோய் வட்டங்களை விட்டுவிட்டு, ஒட்டுப் போடுவதற்கென்று நான் தனியாக வளர்த்துவைத்த நாற்றுப் பாத்தியில் விழுந்தது. சாம்பல் தூவினேன், பயனில்லை. பாத்தி முழுக்கப் போயிற்று. இனி ஏதாவது பழுதானால் வெட்டி வைக்க ஒரு பிடி புல் என்னிடம் இல்லை. பால்காரிக்கு இது தெரிந்திருக்கும். வேலியோரம் நின்று கருகின பாத்தியை அவள் பார்த்ததை நான் பார்த்தேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய பந்தயம் வைத்திருந்தார்கள். வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள். முசே என்னைக் கூப்பிட்டு விரல் நீட்டினார்.

"ஒரே ஒரு குளம்படி பாத்தேன்னு வையி, ஊட்டுச் சாவிய மேசைமேல வச்சிட்டுப் போயிக்கினே இரு. கொம்ப்ரி?"

புரிந்தது என்று தலையாட்டினேன்.

பந்தயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, கோயிலில் விளக்கேற்றிவிட்டு மூங்கில் கழியோடு போனேன். நாலாவது வட்டத்தில் செவலை நின்றுகொண்டிருந்தது. குழிக்குப் பக்கத்தில், பந்து உருளுகிற இடத்திலேயே, ஐந்து குளம்புக் குழி. புல் கிழிந்து சேறாகியிருந்தது. வேலியைப் போய்ப் பார்த்தேன். கம்பி அறுந்திருக்கவில்லை, முறுக்குப் பிரித்து விடப்பட்டிருந்தது. மாட்டுக்குக் கம்பி பிரிக்கத் தெரியாது. அவள் கடைசிவரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் கடைசிவரைக்கும் நம்பவில்லை.

மாட்டைப் பிடித்து, அநாதை மாடு அடைக்கிற பட்டிக்கு நானே இழுத்துக்கொண்டு போனேன். வழியிலேயே அவள் ஓடி வந்தாள். கையெடுத்துக் கும்பிடவில்லை, அழவில்லை, பக்கத்திலேயே வேகமாக நடந்துகொண்டு சொன்னாள்.

"செனை மாடுய்யா அது. பட்டியில தண்ணிகூடக் காட்ட மாட்டானுங்க."

"செனை மாட்ட வேலிக்குள்ள உட்டது யாரு?"

அடைத்துவிட்டு வந்தேன். தினமும் பசுவுக்கு ஒரு கைப்பிடி வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற குடும்பம் எங்களுடையது. அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது என்று எழுதினால்தான் உண்மை.

திரும்பி வந்து வட்டத்தில் உட்கார்ந்தேன். குளம்பு பட்ட இடத்தைக் காலால் மிதித்து மூடினால் கல்லாகிவிடும். சுற்றிலும் இரும்பு முள்ளை விட்டு மெல்ல நெம்பி, கிழிந்ததைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவில் வேரோடும் மண்ணோடும் நல்ல புல்லை வைத்து, சந்தில் மணல் போட்டுத் தண்ணீர் தெளித்து உருளை ஓட்ட வேண்டும். இரண்டு நாளில் தடம் தெரியாது. ஆனால் வைக்கிற புல் குட்டையாக, அடர்த்தியாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட அருகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் ஒரே இடத்தில்தான் இருந்தது.

உச்சிப் பொழுதில் கோயிலில் யாரும் இருக்க மாட்டார்கள். கூடையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். பூப் போட்டுப் பார்க்கவில்லை. சிவப்பு வந்துவிடும் என்று பயம். ஐந்து துண்டு வேரோடு வெட்டி எடுத்தேன். மண்வெட்டி விழும்போது உள்ளே இருக்கிறவருக்குக் கேட்குமே என்று ஒவ்வொரு வெட்டுக்கும் நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் வெட்டினேன்.

கூடையைத் தலைக்குத் தூக்கித் திரும்பினால் எதிரே அவள். பட்டியிலிருந்து மாட்டை மீட்டுக்கொண்டு அந்த வழியாக வந்திருக்கிறாள். செவலை கழுத்தை நீட்டி என் கூடையை முகர்ந்தது. அவள் கூடையைப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"என் மாடு உன் வட்டத்துல அஞ்சு குழி போட்டுச்சு, அதுக்குப் பட்டி. நீ புள்ளையாரு முதுவுக்குப் பின்னால அஞ்சு குழி போட்டிருக்கிறியே, உன்ன எந்தப் பட்டியில அடைக்கிறது?"

வாயை மூடிக்கொண்டு போ என்று சொன்னேன். அதுதான் எனக்கு வந்தது. அவள் போகவில்லை. நான்தான் போனேன்.

சனிக்கிழமை விடியலில் நான் விளக்கேற்றிக்கொண்டிருக்கும்போது, கும்பிட வந்த பத்துப் பதினைந்து பேருக்கு முன்னால் அவள் வந்து நின்றாள். கூச்சல் போடவில்லை. பின்னாடி போய்ப் பாத்துட்டு வாங்க என்று மட்டும் சொன்னாள். போய்ப் பார்த்தார்கள். வந்தவர்கள் என்னைப் பார்க்காமல் பிள்ளையாரைப் பார்த்தார்கள். ஊர்ப் பெரியவர் என் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிப் படிக்கட்டில் வைத்தார். முதலில் நட்ட கொடியே இவரிடம் வாங்கினதுதான் என்று ஆரம்பித்தேன். அது கேட்டு வாங்கினது, இது கேட்காமல் எடுத்தது என்றார். இனி மார்கழி விளக்கு எங்கள் வீட்டுக்கு இல்லை என்று அங்கேயே முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நடந்தது. நாலாவது வட்டத்தில் பந்து கண்ணாடியில் ஓடுவதுபோல ஓடிற்று. முசே தீக்குச்சியைப் படுக்க வைத்துப் பார்த்து, போன் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு எழுந்தார். நான் அங்கே வேலை பார்த்த ஆறேழு வருஷத்தில் அவர் என்னை நல்லது என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். வேலை தப்பிற்று, வீடு தப்பிற்று. வாசலில் வைக்கிற மார்கழிப் பிள்ளையாருக்குச் சாணி எப்போதும் அந்தப் பால்காரி வீட்டிலிருந்துதான் வரும். எங்களுக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மிச்ச நாளெல்லாம் என் பெரிய பெண் இரண்டு தெரு தாண்டிப் போய் வாங்கி வந்தாள். பூசணிப்பூவைச் சாணிமேல் வைத்துவிட்டு, அருகு செருக என் மனைவி என்னிடம் புல் கேட்கவில்லை.

நான் அவளுக்குக் கெடுதல் நினைத்தேன். சாமி முன்னால் நின்று நினைத்தேன். வெளியே நின்று கும்பிடும்போது கண்ணை மூடினால் அவருக்குப் பதில் அவள் முகம் வரும். செவலை நல்லபடியாகக் கன்று போட்டது என்று கேட்டபோது நிம்மதியாக இருந்தது. அது மாட்டுக்காக. அவளுக்காக இல்லை.

பெரியவரிடம் ஆறு மாதம் நடந்து, எடுத்த இடத்தில் திருப்பி நட மட்டும் உத்தரவு வாங்கினேன். விளக்குக் கிடையாது, புல் வைத்துவிட்டுப் போ என்றார். அதற்குள் என் பாத்தியில் புதுக்கொடி பிடித்திருந்தது. ஆடியில் முதல் மழை பெய்ததும் யார் காலும் படாத பாத்திப் புல்லாக எடுத்து, இந்தத் தடவை பூப் போட்டுப் பார்த்து, ஐந்து குழியிலும் வைத்தேன். தினமும் சாயங்காலம் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். ஆவணியில் வேர் பிடித்து, சதுர்த்திக்கு முன்னால் விரல் உயரம் எழும்பிவிட்டது. அதைப் பார்த்தால் பெரியவர் மனசு இளகும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் குடத்தோடு போனால் செவலையும் கன்றும் அங்கே மேய்ந்துகொண்டிருந்தன. தரையோடு தரையாக வழித்துவிட்டிருந்தன. அவள் கயிற்றைத் தொங்கவிட்டுக்கொண்டு கோயில் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"வெரட்டேன்யா. இங்க உனக்கு வேலியும் இல்ல, பட்டியும் இல்ல."

நான் விரட்டவில்லை. குடத்தை இறக்கி வைத்து, மாடுகள் மேய்ந்து முடிக்கும்வரை நின்றேன். அவளும் நின்றாள். அவள் ஓட்டிக்கொண்டு போனபிறகு ஐந்து இடத்தையும் குனிந்து பார்த்தேன். மேலேதான் போயிருந்தது, வேர் அசையவில்லை. சீராக, என் புல் வெட்டுகிற மிஷினைவிடக் குட்டையாக வெட்டியிருந்தன. தண்ணீரை ஊற்றினேன்.

அடுத்த வாரமும் மேயவிட்டாள், அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு தடவையும் நான் வரும் நேரம் பார்த்துக் கொண்டுவருவாள், நான் தண்ணீர் ஊற்றுவேன். அருகை எவ்வளவு குட்டையாக வெட்டுகிறோமோ அவ்வளவுக்குக் கொடி பக்கவாட்டில் ஓடி அடர்த்தியாகும். என் பிழைப்பே அதில்தான் நடந்தது. சதுர்த்தி போய், ஐப்பசி மழை முடிவதற்குள் ஐந்து குழியும் எங்கே இருந்தன என்று எனக்கே தெரியாமல் மூடிவிட்டது. பெரியவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மார்கழி முதல் நாள் எண்ணெய்க் கிண்ணத்தை யாரிடமோ கொடுத்து எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்.

விளக்கேற்றிவிட்டுத் திரும்பும்போது அவள் கோயில் வாசலில் நின்றிருந்தாள். புல் எப்படி மூடிற்று என்று அவளுக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் அவளிடம் சொல்லவில்லை.