அம்மா கொடுத்தனுப்பிய ஹாம் சாண்ட்விச்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், லீவு முடிந்து சவுதியில் நான் வேலை பார்க்கும் யான்புவுக்குத் திரும்பும் வழியில் துபாய் ஏர்போர்ட்டில் நடந்தது. பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த எரிச்சலில், யாரோடும் பேசப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். எதிரே எங்கள் சைட் எஞ்சினியர். ஸ்பெயின்காரர், ஐம்பது வயதிருக்கும். அவரும் லீவிலிருந்துதான் வருகிறார். மடியில் அலுமினியத் தாள் சுற்றிய ஒரு பொட்டலம். பிரிப்பார், பார்ப்பார், மறுபடி சுற்றுவார்.

எட்டிப் பார்த்தேன். நீள ரொட்டியைப் பிளந்து, தக்காளி தேய்த்து, உள்ளே மெல்லிசாகச் சீவிய கறி. பன்றித்தொடையை உப்பிலிட்டு மாசக்கணக்கில் காயவைப்பார்களாம். நம்ம உப்புக்கண்டம்தான், கொஞ்சம் பணக்கார உப்புக்கண்டம்.

"சார், சவுதிக்குள்ள இது மாஃபி, விடவே மாட்டாங்க. இங்கேயே சாப்பிடுங்க, இல்லேன்னா குப்பையில போடுங்க" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

"ரெண்டும் முடியல. எங்கம்மா குடுத்தது" என்றார்.

அம்மா கொடுத்ததைச் சாப்பிட என்ன தயக்கம் என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னார். அந்தம்மாவுக்கு மறதி நோய். போன லீவில் மகன் பெயர் மறந்திருந்தது, இந்த முறை ஆளே மறந்துபோச்சு. வீட்டில் வந்து தங்கியிருக்கும் யாரோ நல்ல மனுஷன் என்றே லீவு முழுக்க நினைத்திருக்கிறார். கிளம்பும்போது பொட்டலத்தைக் கையில் திணித்து, "அரபு நாட்டுக்கா போறீங்க? என் பையனும் அங்கதான் இருக்கான். இதை அவன்கிட்ட குடுத்துடுங்க" என்றாராம்.

"நம்பிக் குடுத்த பொருள். வழியில நானே தின்னா திருட்டு மாதிரி இருக்கு" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே உடைந்துவிட்டது.

போர்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வரிசை நகர ஆரம்பித்தது, அவர் அசையவில்லை. கல்ஃபில் இருக்கிறவனுக்குப் பொட்டலம் சுமப்பது புதிதா? ரூமில் இருக்கிறவன் வீட்டு முறுக்கையும் ஊறுகாயையும் சுமக்காமல் எவன் லீவு முடிந்து திரும்பியிருக்கிறான்? கொடுக்கும்போது வீட்டு நலத்தையும் ஒரு வார்த்தை சொல்லித்தான் கொடுப்போம். யோசிக்கவேயில்லை. அவர் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். எழுந்து நின்று இரண்டு கையாலும் நீட்டினேன்.

"சார், உங்க வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா நல்லா இருக்காங்க. இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க."

என்னையே பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார். கண்ணீர் வழிய வழிய, ஒரு துணுக்கு விடாமல் தின்று முடித்தார். சுற்றியிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நான் பக்கத்திலேயே நின்றேன்.

யான்புவில் இறங்கியதும் வீட்டுக்குப் போன் போட்டார். அவர்கள் பாஷை எனக்குப் புரியவில்லை. வைத்துவிட்டு அவரே சொன்னார்: "பையன்கிட்ட சேர்த்துட்டீங்களான்னு கேட்டாங்க. சேர்த்துட்டேன்னேன். ரொம்ப நன்றி, நீங்க நல்லா இருக்கணும்னு சொன்னாங்க."

அன்றிலிருந்து, ஊருக்குப் போன் போடும்போது என் அம்மா எடுத்ததும் "யாரு?" என்று கேட்டால் போதும், அடுத்து என் பெயர் வருகிறவரைக்கும் எனக்கு மூச்சே வருவதில்லை.