புல்லாங்குழலுக்கு ஒரு மயிரிழை பின்னால்

ஞாயிறு பின்னேரங்களில் பரமட்டாவில் ஒரு பப்புக்குப் போகிறேன் என்று சொன்னதும், ரொறன்ரோவில் இருக்கும் அக்கா தொலைபேசியிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த வயசில உனக்கு விசரே? குடிக்கிற இடத்தில உனக்கென்ன வேலை?" என்றாள். வயலின் வாசிக்கப் போகிறேன் என்றேன். அது அவளுக்கு இன்னும் மோசமாகப் பட்டது.

கணவர் இறந்த பிறகு வெஸ்ட்மீட்டில் என் வீடு பேச்சில்லாமல் கிடந்தது. மகள் மெல்பேர்னில். வேலைநாட்களில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நாலு பேரோடு கதைக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. யாரோடாவது சேர்ந்து வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. கச்சேரிகளில் பாடகருக்குப் பக்கவாத்தியமாக வாசித்தே பழகியவள் நான். தனியாக வாசித்தால், சமைத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது போலிருக்கும்.

அந்தப் பப்பின் மூலையில் அயர்லாந்துக்காரர் ஏழெட்டுப் பேர் வட்டமாக இருந்து தங்கள் ஊர் மெட்டுகளை வாசிப்பார்கள். குடிக்க வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருப்பார்கள். கைதட்டினால் கூச்சப்படுவார்கள். மரப் புல்லாங்குழல் வாசிக்கும் தச்சர்தான் பெரும்பாலும் தொடங்குவார். இளவயதில் ஒரு பெட்டியோடும் குழலோடும் இந்த நாட்டுக்கு வந்தவராம். மெட்டுகளெல்லாம் தலைக்குள் இருந்ததால் விமான நிலையத்தில் அவற்றை நிறுக்க முடியவில்லை என்று பகிடி விடுவார்.

முதல் நாள் நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மெத்தை போட்ட நீள வாங்கில் சம்மணம் கட்டி, வயலின் தலையைக் காலில் ஊன்றிக்கொண்டேன். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. தச்சர் ஒரு மெட்டை முடித்து மூச்சு விட்டார். பாடகர் நிறுத்தினால் வயலின் பதில் சொல்வதுதானே நம் வழக்கம். அவருடைய கடைசி வரியை நான் தனியாகத் திருப்பி வாசித்தேன். வட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. அவர்கள் முறையில் எல்லோரும் ஒரே மெட்டை ஒன்றாக வாசிக்க வேண்டும், யாரும் யாருக்கும் பதில் சொல்வதில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தச்சர் சிரித்துக்கொண்டே, பின்னால் வராமல் பக்கத்தில் வரும்படி சொன்னார்.

எனக்கு அது வரவே இல்லை. மாதக்கணக்கில் முயன்றும் என் வில் அவருடைய குழலுக்கு ஒரு மயிரிழை பின்னால்தான் போனது. கடைசியில் அவர்தான் விட்டுக்கொடுத்தார். ஒவ்வொரு மெட்டின் முடிவிலும், நான் திருப்பி வாசிப்பதற்குக் கொஞ்சம் இடம் விடத் தொடங்கினார். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கணவருக்குப் பிறகு எனக்கென்று இடம் விட்டவர் அவர் ஒருவர்தான். அந்தச் சின்ன இடத்துக்காக நான் வாரம் முழுவதும் காத்திருந்தேன்.

போன குளிர்காலத்தில் அயர்லாந்தில் அவருடைய தாயார் படுக்கையில் விழுந்தார். தச்சர் ஊரோடு போய்விட முடிவெடுத்தார். கடைசி ஞாயிறன்று எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு யாரும் தொடங்கவில்லை. அவருக்குப் பிடித்த மெட்டு எனக்குத்தான் முழுதாகத் தெரியும் என்று என்னைத் தொடங்கச் சொன்னார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக நான் முன்னால் போனேன். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆனாலும் மெட்டு இழுபட்டது. பக்கத்தில் அக்கோடியன் வாசிக்கும் ஆசிரியை, முடிந்ததும் என் முழங்கையைத் தொட்டார்.

"இன்னும் அவருக்குப் பின்னாலதான் வாறீங்கள்," என்றார்.

உண்மைதான். இல்லாத குழலைக் கேட்டுக் கேட்டு வாசித்திருக்கிறேன். இன்னொரு தடவை வாசிப்போம் என்றார் ஆசிரியை. வாசித்தோம். கடைசி வரி முடிந்ததும் நான் வில்லை நிறுத்தினேன். இந்த முறை இடம் விட்டது நான். பதில் சொல்ல வேண்டியவர் உலகத்தின் மறுபக்கத்தில் இருந்தார்.